செப்டெம்பரில் வடக்கே போகுமுன்: ஹுன்சாவின் ஏரியும் வீதியும்



வருகிற செப்டெம்பரில் வடக்கே ஒரு பிரயாணம் போகத் திட்டமிடுகிறோம் என்று சொன்னால், "யாழ்ப்பாணமா, மன்னாரா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாம் சொல்வது இன்னும் தூரத்து வடக்கு. பாகிஸ்தானின் வட நுனியில், சீனாவைத் தொட்டுக் கிடக்கும் கில்கித்-பல்திஸ்தான். அதற்குள் ஹுன்சா என்றொரு பள்ளத்தாக்கு. 2009 வரை அந்தப் பிரதேசத்தின் அரசாங்கப் பெயரே 'வடக்குப் பகுதிகள்' என்பதுதான். பரப்பளவு சுமார் 72 ஆயிரம் சதுர கிலோமீற்றர். நமது முழு இலங்கையையும் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். காஷ்மீர்ப் பிரச்சினையின் ஒரு துண்டும் அது. பாகிஸ்தானின் நிர்வாகத்தில் இருக்கிறது, இந்தியா உரிமை கோருகிறது.

குழுவில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களும் அவர்களது குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் மூன்று. ஏன் செப்டெம்பர்? எத்தனை நாள் வேண்டும்? அந்த நீலநிற ஏரியில் படகு ஏறலாமா? மூன்றுக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு வரும்போது கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அது நமது கரையோர ஊர்களுக்கும் தொடர்புள்ள விசயம்.

முதலில் காலம். நமக்குக் கச்சானும் வாடையும் தெரியும், மாரியும் கோடையும் தெரியும். இலையுதிர் காலம் பாடப்புத்தகத்தில் மட்டும் உள்ளது. ஹுன்சாவில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பனியாறுகள் உருகி ஆறு சேறும் கல்லுமாய்ப் பெருகும். மழையும் சேர்ந்தால் கீழ்ப்பகுதி வீதியில் மண்சரிவு வரும். 2022 மே மாதத்தில் கூட, ஷிஷ்பர் என்ற பனியாற்றோடு ஒட்டிய ஏரி உடைத்து வந்து, ஹஸனாபாத்தில் நெடுஞ்சாலைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. செப்டெம்பரில் வெப்பம் இறங்கும், ஆறு தணியும், வானம் தெளியும். அப்பிளும் வால்நட்டும் பறிக்கும் நேரம். பொப்லர் மரங்கள் முழுதாய் மஞ்சளாவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒக்டோபர் நடுப்பகுதி வரை பொறுக்க வேண்டும். ஆனால் அப்போது இரவுக் குளிர் நம்மவர்களுக்குத் தாங்காது. பிள்ளைகளும் வயதானவர்களும் வருவதால் செப்டெம்பரே நல்லது.

இந்தப் பருவத்தை நாம் அழகுக்காகத் தெரிவு செய்கிறோம். அங்குள்ளவர்களின் பாட்டன், பூட்டன்மாருக்கு அது உயிரைக் காப்பாற்றும் பருவம். மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்கு அது. பனியாற்றிலிருந்து மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, கல் அடுக்கி, படிப்படியாய் நிலம் உண்டாக்கித்தான் பயிர் செய்தார்கள். விளைந்தது அடுத்த அறுவடை வரை போதாது. இளவேனிலில், புதிய பயிர் முற்றுமுன், வீடுகளில் உணவு தீர்ந்துவிடும் பஞ்ச நாட்கள் ஆண்டுதோறும் வந்தன. கூரையில் காயப்போட்ட அப்ரிகொட்டும் அதன் விதையில் எடுத்த எண்ணெயும்தான் அந்த நாட்களைக் கடத்திவிட்டன. சிறுபோகம் வெட்டி, நெல்லை மூடை கட்டி வைத்துப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'ஹுன்சாக்காரர்கள் 120 வயது, 140 வயது வரை வாழ்கிறார்கள், அப்ரிகொட் சாப்பிடுவதால் நோயே வராது' என்றொரு செய்தி நமது வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. அதை நம்பி யாரும் மூட்டையாக வாங்கிவர வேண்டாம். அந்த வயதுகளை நிரூபிக்கும் பிறப்புப் பதிவு எதுவும் அங்கே கிடையாது. வெளிநாட்டு எழுத்தாளர்கள் 20ஆம் நூற்றாண்டில் பெருப்பித்த கதை அது. 1950களின் தொடக்கத்தில் அங்கே தங்கியிருந்த ஜோன் கிளார்க் என்ற அமெரிக்க புவிச்சரிதவியலாளர் ஒரு சிறிய மருந்தகம் நடத்தினார். மலேரியா, வயிற்றோட்டம், கண் நோய் என்று அவரிடம் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சொர்க்கத்தில் வாழ்கிறவர்கள் என்று வெளியார் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த மக்கள் மருந்துக்கு வரிசையில் நின்றார்கள்.

இனிப் பாதை. நமது ஊரில் பிரயாணம் என்றால் இப்னு பதூதாவைத்தான் உதாரணம் காட்டுவோம். 1344இல் நமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். அவருக்கு 900 ஆண்டுகளுக்கு மேல் முந்திய இன்னொரு பயணியும் உண்டு. ஃபாஹியன் என்ற சீனத் துறவி. கி.பி. 399இல் சீனாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டவர், பனிமலைகளைக் கடந்து இன்றைய கில்கித்-பல்திஸ்தானின் தாரேல் பள்ளத்தாக்கு வழியாக சிந்து நதிக்கு இறங்கினார். செங்குத்தான பாறையில் வெட்டப்பட்ட படிகளும் ஏணிகளும் 700 இருந்ததாகவும், கயிற்றுப் பாலத்தில் ஆற்றைக் கடந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கடல் வழியாக இலங்கைக்கு வந்து, அனுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே ஒரு வியாபாரி காணிக்கையாக வைத்த வெள்ளைப் பட்டு விசிறி தன் நாட்டில் செய்யப்பட்டது என்று கண்டதும் கண் கலங்கினார். அனுராதபுரத்தில் அழகான வீடுகளில் வாழ்ந்த வெளிநாட்டு வணிகர்களைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். அவர்கள் தென் அரேபியாவின் சபாயிய வணிகர்கள் என்று கருதுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும்போது அடிக்கடி காட்டப்படும் குறிப்பு அது. ஆகவே நாம் போகப்போவது முற்றிலும் தெரியாத இடமல்ல. அந்த மலைப்பாதையும் நமது துறைமுகங்களும் ஒரே ஆளின் பயணக் குறிப்பில் ஏற்கனவே சந்தித்திருக்கின்றன.

அந்தப் பழைய பாதையில் போனவர்கள் பாறைகளில் எழுதிவிட்டும் வரைந்துவிட்டும் போனார்கள். ஹுன்சாவிலிருந்து தெற்கே ஷதியால் வரை சுமார் 50 ஆயிரம் பாறைச் செதுக்கல்களும் 5 ஆயிரம் கல்வெட்டுகளும் கணக்கிடப்பட்டுள்ளன. வேட்டைக்காரர் கீறிய மலையாடுகள், புத்த தூபிகள், மத்திய ஆசியாவின் சொக்டிய வணிகர்களின் பெயர்கள் எல்லாம் உண்டு. 1931இல் கில்கித்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேட்டிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய பௌத்த ஏடுகள் கிடைத்தன. இந்தத் துணைக்கண்டத்தில் பிழைத்திருக்கும் மிகப் பழைய ஏட்டுத் தொகுதிகளில் அது ஒன்று. இன்று அங்கு வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். தியாமிர்-பாஷா அணை கட்டி முடிந்தால் இந்தச் செதுக்கல்களில் பல ஆயிரம் நீருக்கடியில் போய்விடும். சிலாஸ் பக்கம் வாகனத்தை அரை மணி நேரம் நிறுத்திப் பார்க்கத் திட்டமிட்டிருப்பது அதனால்தான்.

ஹுன்சாவை ஆண்டவர்களுக்கு 'மீர்' என்று பெயர். பல்தித் கோட்டை அவர்களது இல்லம். சுமார் 700 ஆண்டுப் பழையது, 1945 வரை மீர் குடும்பம் அதில் வாழ்ந்தது. பின்னர் பாழடைந்து, திருத்தப்பட்டு, 1996இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மேல்மாடத்தில் நின்றால் 7,788 மீற்றர் உயரமான ராகாபோஷி சிகரம் எதிரே தெரியும். படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்த மாடத்தில் இருந்தவர்களின் வருமானத்தில் ஒரு பகுதி, யார்க்கந்து வழியாகப் போன வணிகக் கூட்டங்களைக் கொள்ளையடித்ததிலிருந்தும், பிடித்த மனிதர்களை அடிமைகளாக விற்றதிலிருந்தும் வந்தது. 1891 டிசெம்பரில் பிரித்தானியப் படை நில்த் கோட்டையை உடைத்துக்கொண்டு மேலேறியது. மீர் சஃப்தர் அலி சீனப் பக்கம் தப்பியோடினார். அவரது சகோதரர் நாஸிம் கான் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். மீர் ஆட்சி கடைசியில் முடிவுக்கு வந்தது 1974இல், சுல்பிகார் அலி பூட்டோவின் காலத்தில்தான்.

ஆசிரியர்கள் என்ற முறையில் நமக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 1946. ஹுன்சாவின் பெரும்பான்மையினர் இஸ்மாயிலிகள். அவர்களது இமாம் மூன்றாம் ஆகாகானின் வைர விழாவில் திரண்ட பணத்திலிருந்து அந்த மலைக் கிராமங்களில் 'டயமண்ட் ஜூபிலி' பாடசாலைகள் தொடங்கப்பட்டன. மோட்டார் வீதி வருவதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே கரும்பலகை வந்துவிட்டது. இன்று பாகிஸ்தானில் எழுத்தறிவு கூடிய இடங்களில் ஹுன்சாவும் ஒன்று. பெண் பிள்ளைகளின் படிப்பில் அவர்கள் காட்டிய அக்கறையை நேரில் பார்த்துவர வேண்டும் என்பது நமது குழுவின் டீச்சர்மார் முன்வைத்த கோரிக்கை. நியாயமானது.

ஒரே ஆற்றின் ஒரு கரையில் ஹுன்சாவின் இஸ்மாயிலிகள். மறுகரையில் நகர், அங்கே பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷீஆக்கள். தெற்கே சிலாஸ் பக்கம் சுன்னிகள். 1988இல் கில்கித்தைச் சுற்றி நடந்த கொலைகளின் காயம் இன்னும் முழுதாய் ஆறவில்லை. யாருடைய கொள்கை சரி என்று விவாதிக்க நாம் அங்கே போகவில்லை. விருந்தாளியாகப் போகிறோம். நமது ஊரில் பள்ளிக்குப் பள்ளி பிரிந்து நின்று, ஒரே குடும்பத்தில் ஸலாம் சொல்லாமல் போன ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சச்சரவைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போக வேண்டாம் என்பது குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி.

அடுத்தது வீதி. இஸ்லாமாபாத்துக்கு மேற்கே ஹஸன் அப்தாலில் தொடங்கி, சீனாவின் காஷ்கர் வரை சுமார் 1,300 கிலோமீற்றர் ஓடும் காரகோரம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில்தான் நாம் போகப்போகிறோம். பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து கட்டி, 1978-79 காலத்தில் முடித்தன. குஞ்சராப் கணவாய் 1986இல் பொதுப் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதன் உயரம் 4,693 மீற்றர். நமது பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். வெடி வைத்துப் பாறையை உடைத்த அந்த வேலையில் சுமார் 810 பாகிஸ்தானியரும் 200 சீனரும் உயிரிழந்தார்கள். பாகிஸ்தான் பக்கத்து வீதி 900 கிலோமீற்றருக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிலோமீற்றருக்கு ஓர் உயிருக்கும் மேல். வீட்டுக்குத் திரும்பாத சீனத் தொழிலாளர்களின் மயானம் கில்கித்துக்கு அருகே தன்யோரில் இருக்கிறது. வெளிநாட்டில் வேலைக்குப் போய் அங்கேயே மையவாடியில் அடங்கிய உறவினர் இல்லாத குடும்பம் நமது ஊரில் எத்தனை? அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவோம்.

இப்போது ஏரி. படங்களில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட அந்த நீல நீர், அத்தாபாத் ஏரி. பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. இந்த மலைகள் எத்தனை பழமையானவை என்றாலும், ஏரிக்கு நமது ஆறாம் ஏழாம் தரத்துப் பிள்ளைகளைவிடச் சில வயதுதான் அதிகம். 2010 ஜனவரி 4ஆம் திகதி அத்தாபாத் கிராமத்தின் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. 20 பேர் வபாத்தானார்கள். விழுந்த மண்ணும் பாறையும் ஹுன்சா ஆற்றை அடைத்தன. நமது சுனாமி சில நிமிடங்களில் வந்தது. அங்கே தண்ணீர் மாதக்கணக்கில், அங்குலம் அங்குலமாக ஏறியது. தன் வீட்டு முற்றத்தை, அடுத்து வாசலை, அடுத்து கூரையைத் தண்ணீர் தொடுவதை மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். கதவையும் நிலையையும் கழற்றினார்கள், மரங்களை வெட்டி எடுத்தார்கள். ஐனாபாத் கிராமம் முழுதாக மூழ்கியது. ஷிஷ்கத் பெரும்பாலும் மூழ்கியது. குல்மித்தின் தாழ்ந்த பகுதியும் போயிற்று. ஏரி 20 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது, ஆழம் 100 மீற்றரைத் தாண்டியது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். மேற்பகுதியான கோஜாலில் சுமார் 25 ஆயிரம் பேர் வீதியில்லாமல் துண்டிக்கப்பட்டார்கள்.

அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் படகுதான் வீதி. நோயாளி, கர்ப்பிணி, பாடசாலைப் பிள்ளை, உருளைக்கிழங்கு மூடை, சில வேளை வாகனமும் மரப்படகில் ஏறிப் போயின. சீன உதவியோடு ஐந்து சுரங்கப்பாதைகள் குடைந்து புதிய வீதி திறக்கப்பட்டது 2015இல், அதுவும் ஒரு செப்டெம்பர் மாதத்தில்தான். வேலை இழந்த படகுகள் சுற்றுலாப் பக்கம் திரும்பின. ஏரிக்கரையில் ஹோட்டல்கள் எழுந்தன. இன்று உல்லாசப் பிரயாணிகள் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றிவரும் நீருக்கடியில் வயலும் வீடும் பள்ளிவாசலும் கிடக்கின்றன.

இழப்பீட்டின் கதையும் நமக்குப் பழக்கமானதே. 2011 ஓகஸ்டில் அலியாபாத்தில் நிவாரணம் கேட்டு வீதிக்கு வந்த மக்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒரு தந்தையும் மகனும் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்துக்காக பாபா ஜான் என்ற செயற்பாட்டாளருக்கும் வேறு பலருக்கும் நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2020 ஒக்டோபரில் சிறையிலிருந்தவர்களின் குடும்பங்கள் அலியாபாத்தில் வீதியில் அமர்ந்தார்கள். அதன் பிறகே நவம்பரில் பாபா ஜான் வெளியே வந்தார்.

2004 டிசெம்பர் 26இல் இந்த நாட்டில் அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அந்த நாட்களில் வாகனங்களில் வந்திறங்கி, உடைந்த சுவர்களுக்கு முன் நின்று படம் எடுத்துப் போனவர்களை நாம் மறக்கவில்லை. அதே வாகனங்களில் வந்து, இறங்கி, "யார் வீடு இது, எத்தனை பேர்?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து போனவர்களையும் மறக்கவில்லை. 200 மீற்றர் எல்லை என்று சொல்லிச் சொந்தக் காணியில் வீடு கட்டவிடாமல் தடுத்த காலமும், நுரைச்சோலையில் கட்டி முடித்த 500 வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் நமக்குத் தெரியும். இரண்டு விதமான விருந்தாளிகளையும் பார்த்த சமூகம் நாம். அங்கே எந்த விதமாகப் போவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

படகு ஏறலாமா என்ற கேள்விக்கு நமது பதில் இதுதான்: ஏறலாம். அங்குள்ள படகோட்டிக்கு அது சோறு. நாம் ஒதுங்கிப் போனால் மூழ்கிய ஊர் திரும்பி வராது, அவருக்கு அன்றைய கூலியும் கிடைக்காது. ஆனால் கூச்சலும் பாட்டும் வேண்டாம். முடிந்தால் கோஜால் பக்கத்துப் படகோட்டியாகப் பார்த்து ஏறுவோம். எந்த இடத்தில் எந்த ஊர் இருந்தது என்று கேட்போம். அவர் சொல்ல விரும்பினால் கேட்போம், விரும்பாவிட்டால் விட்டுவிடுவோம். வயதானவர்களை, பெண்களை அனுமதியில்லாமல் படம் எடுப்பதில்லை. உலர்ந்த அப்ரிகொட்டும் வால்நட்டும் பெரிய கடையில் அல்லாமல் குல்மித்திலோ ஷிஷ்கத்திலோ வீட்டுக்காரரிடம் வாங்குவோம். விலை பேசலாம், வதைக்க வேண்டாம்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இஸ்லாமாபாத்திலிருந்து ஹுன்சா வரை சுமார் 600 கிலோமீற்றர். ஒரே நாளில் போகலாம் என்பார்கள், நம்ப வேண்டாம். இரண்டு நாள் வைத்திருக்கிறோம். கில்கித்துக்கு விமானமும் உண்டு, ஆனால் மலையில் மேகம் வந்தால் பறக்காது. அதை நம்பித் திரும்பும் நாளைக் குறிக்க முடியாது. கில்கித்தில் ஒரு நாள்: கார்காவில் பாறையில் செதுக்கிய புத்தர் சிலை, தன்யோர் மயானம். கரீமாபாத்தில் மூன்று இரவு: பல்தித், அல்தித் கோட்டைகள். குல்மித்தில் இரண்டு இரவு. அங்கிருந்து ஒரு நாள் குஞ்சராப் போய் வரலாம். இதயநோய், மூச்சுக் கஷ்டம் உள்ளவர்கள் அந்த உயரத்துக்கு ஏறாமல் குல்மித்திலேயே நிற்பது நல்லது. வரவும் போகவும் வீதி அடைபட்டால் சமாளிக்க இரண்டு நாள் மேலதிகமாக வைத்தால் மொத்தம் 12 நாட்கள். மொத்தமான மேற்சட்டை, காலுறை, மருந்து, கையில் காசு எல்லாம் வேண்டும். மலைக்கு மேல் எல்லா இடத்திலும் வங்கி அட்டை வேலை செய்யுமென்று எண்ண வேண்டாம்.

வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஆளுக்கொரு கொப்பி கொடுக்கப்போகிறோம். திரும்பி வரும்போது அதில் அவர்கள் சந்தித்த ஒருவரின் பெயராவது, அவர் சொன்ன ஒரு விசயமாவது எழுதியிருக்க வேண்டும். படம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. கடவுச்சீட்டின் காலாவதித் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், போய் வந்து எழுதுவோம்.